‘டுமீல்’ என்னும் முதலெழுத்துக் குற்றம்

தமிழில் எந்தச் சொல்லும் ‘ட’ வரிசையில் தொடங்கக் கூடாது. எழுத்ததிகாரத்தின் மொழிமரபில் தொல்காப்பியர் சொல்லுக்கு முதலில் வரத்தக்க எழுத்துகளைப் பட்டியல் போட்டபோது ‘ட’வைச் சேர்க்கவில்லை. பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூலார் போனால் போகிறதென்று ‘ங’வை உள்ளே விட்டார், ‘ட’வுக்கு அவரும் கதவைத் திறக்கவில்லை. நிலைமை இப்படியிருக்க, ஒருவன் குதிரையில் வருகிறான், இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுகிறான், ‘டுமீல்’ என்று சுடுகிறான். சுடப்பட்டவனுக்காக நாம் ஐம்பது வருடமாகப் பதறிக்கொண்டிருக்கிறோம். சுட்ட சொல்லின் இலக்கணத்தை ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கான மூலங்கள் என் வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் உள்ளன. ஆய்வாளன் அதை ஆவணக் காப்பகம் என்கிறான். ஆய்வாளனின் மனைவி வேறு பெயர் சொல்கிறாள். 1972-இல் சிவகாசியில் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸில் சில. 1984 ஜூலையில், ஒரே மாதத்தில், முளைத்த லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஏராளம். ஒரே மாதத்தில் இரண்டு புதுப் பத்திரிகை என்பது காமிக்ஸ் வரலாற்றில் பொன்னேடாக இருக்கலாம். அப்பாவிடம் காசு கேட்டு நிற்கிற பையனுக்கு அது பொருளாதார நெருக்கடி.

மூலங்களில் தலையாயது பைக்ராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் வாங்கிய ஓர் இதழ். அட்டை கிடையாது, ஆகவே பெயரும் கிடையாது. முதல் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் யாரோ ஒரு பையன் தன் பெயரை எழுதி, அடித்து, அதன்கீழே அவன் தம்பி தன் பெயரை எழுதியிருக்கிறான். கடைசித் தாள் குறுக்கே கிழிந்திருக்கிறது. இதை இனி ‘அட்டையிலி’ என்று குறிப்பிடுவேன். ஓலைச்சுவடி ஆய்வாளர்களுக்கும் இதே சங்கடம்தான். அவர்களுக்குக் கரையான், எனக்கு அண்ணன் தம்பி.

இதெல்லாம் ஒரு ஆய்வா என்று கேட்பவர்களை ஜெர்மனிக்கு அனுப்பிவைக்கிறேன். அங்கே 1977 முதல் டொனால்ட் டக் ரசிகர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதை நிறுவிய ஹான்ஸ் ஃபான் ஸ்டார்க் பெயர் பெற்ற பருவநிலை விஞ்ஞானி. வாத்துகள் வாழும் ஊரின் புவியியல், பொருளாதாரம், உறவுமுறை எல்லாவற்றையும் அந்தச் சங்கத்தார் சிரிக்காமல் ஆராய்ந்து பத்திரிகை நடத்துகிறார்கள். வாத்துக்கு அவ்வளவு செய்யலாம் என்றால் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லருக்கு நான் இவ்வளவாவது செய்யலாம்.

இனிப் பொருளுக்கு வருவோம். சொல்லின் முதலுக்குச் சட்டம் இருப்பதுபோல் ஈற்றுக்கும் இருக்கிறது: உயிரும், ஞ் ண் ந் ம் ன் ய் ர் ல் வ் ழ் ள் என்ற பதினொரு மெய்யும் மட்டுமே சொல்லை முடிக்கலாம். க், ச், ட், த், ப், ற் என்ற வல்லெழுத்துகளில் நின்றால் குற்றம். இந்த இரண்டு சட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டு அட்டையிலியைப் புரட்டினேன். விளக்கை அணைக்கவே மனம் வரவில்லை.

கதாநாயகன் முஷ்டியால் குத்தினால் ‘கும்’. முதலில் ககரம், முடிவில் மகரம், அப்பழுக்கில்லாத தமிழ். கன்னத்தில் அறைந்தால் ‘பளார்’, அதுவும் சுத்தம். அடி வாங்கியவன் விழுந்தால் ‘தடால்’. கொஞ்சம் குண்டான ஆளாக இருந்தால் ‘தொபுக்கடீர்’. ஐந்தெழுத்துக்குமேல் போகும் அந்தப் பெருஞ்சொல்லில்கூடப் புலவர்கள் குறை காண முடியாது. கத்திக்கு வருவோம். ‘சதக்’. நன்னூலின்படி முதல் சரி, ஈறு பிழை; பாதிக் கத்தி உள்ளே போவதுபோல் பாதி இலக்கணம் உள்ளே போயிருக்கிறது. துப்பாக்கி இதற்கு நேர்மாறு: ‘டுமீல்’ லகரத்தில் அழகாக முடிகிறது, தொடக்கம்தான் பிழை. வெடிகுண்டின் ‘டமால்’ அதே வகை. கடைசியாக, இரும்பால் மண்டையில் ஒன்று போட்டால் ‘ணங்’. ணகரத்தில் தொடங்கி ஙகரத்தில் முடியும் இதைப்போல் இரண்டு பக்கமும் சட்டத்தை மீறிய சொல்லை நான் அட்டையிலியில் வேறெங்கும் கண்டதில்லை.

ஆக, வெறுங்கைச் சண்டை செந்தமிழில் நடக்கிறது. ஆயுதம் எடுத்தவுடன் இலக்கணம் கெடுகிறது. இதை இவ்வாய்வின் முதற்பெரும் கண்டுபிடிப்பாக அடக்கத்துடன் முன்வைக்கிறேன். காரணமும் தெரிகிறது. ‘துப்பாக்கி’ என்ற சொல்லே துருக்கி, பாரசீகப் பக்கமிருந்து வந்தது. ஆனால் வந்த இடத்துக்கு ஏற்றபடி தகரத்தில் தொடங்கி இகரத்தில் முடிந்து, ரேஷன் கார்டு வரை வாங்கிவிட்டது. ஆயுதத்துக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது, அதன் சத்தத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. ‘கல்யாண மேளம் உள்ளூர்ச் சரக்குதானே மாமா, அது ஏன் டும் டும்னு டகரத்தில் ஆரம்பிக்குது?’ என்று என் மைத்துனர் ஒரு மறுப்பை எழுப்பினார். அதற்கு என்னிடம் பதில் உண்டு. மனைவி ஊரில் இல்லாத நாளில் தனிக் கட்டுரையாக வெளியிடுவேன்.

பிற மொழிகளில் துப்பாக்கிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மன்காரன் ‘பெங்’ என்று சுடுகிறான், ஸ்பானியனுக்குப் ‘பும்’. இத்தாலிக்காரர்கள் சத்தத்தையே இறக்குமதி செய்துகொண்டார்கள்: 1948-இல் போனெல்லியும் கலெப்பீனியும் படைத்த டெக்ஸ், இத்தாலிய மொழியில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் ‘பேங்’ என்று சுடுகிறார். அந்த டெக்ஸ் சிவகாசிக்கு வந்ததும் ‘டுமீல்’ என்று சுடத் தொடங்கினார். கவனிக்கவும்: இந்தச் சிவகாசி, சத்தத்துக்குப் புதிய ஊரல்ல. சரவெடியும் அணுகுண்டும் செய்கிற ஊர்; அந்தப் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடித்து அடித்தே அச்சுத் தொழிலில் பெரிதான ஊர். ஒரு தெருவில் சத்தத்தைத் திரியில் சுருட்டுகிறார்கள், அடுத்த தெருவில் அதையே தாளில் அச்சடிக்கிறார்கள். துப்பாக்கி எப்படி வெடிக்கும் என்று தமிழனுக்குச் சொல்ல இதைவிடத் தகுதியான ஊர் எது?

குற்றத்தைக் கண்டால் போதாது, பரிகாரமும் சொல்ல வேண்டும். முன்னோர்கள் வழி ஒன்று காட்டியிருக்கிறார்கள். ராமனை இராமன் ஆக்கியதுபோல், டம்பத்தை இடம்பம் ஆக்கியதுபோல், முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்தால் சொல் சுத்தமாகிவிடும். அந்தப்படி ‘டுமீல்’ ‘உடுமீல்’ ஆகும். இதில் ஒரு நயமும் உண்டு. உடு என்றால் நட்சத்திரம். உடுமீன் என்றாலும் அதுவே. சுடப்பட்டவன் கண்ணில் நட்சத்திரம் பறப்பதை ஒலியே காட்டிவிடுகிறது. ஆனால் ‘உடுமீல்’ என்று சுடும் துப்பாக்கிக்கு எந்தக் கொள்ளைக்காரனும் பயப்பட மாட்டான் என்று என் அண்ணன் மகன், மூன்றாம் வகுப்பு, அபிப்பிராயம் தெரிவித்தான். பரிகாரம் கைவிடப்பட்டது.

இன்னொரு வழியை ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர் எரிகா ஃபூக்ஸ் காட்டினார். 1951 முதல் மிக்கி மவுஸ் இதழை ஜெர்மனுக்குக் கொண்டுவந்த அந்த அம்மையார் கலை வரலாற்றில் டாக்டர் பட்டம் பெற்றவர். பெருமூச்சு, முனகல் போன்றவற்றுக்குப் புதிய ஒலி தேடாமல் வினைச்சொல்லின் விகுதியை வெட்டிவிட்டுப் பகுதியை மட்டும் படத்தின்மேல் எழுதினார். ரசிகர்கள் இந்த வடிவத்துக்கு வேடிக்கையாக ‘எரிகாடிவ்’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். தமிழில் இது நடக்காது. தமிழில் வினைப்பகுதியே ஏவல். அழுகிற பெண்ணின் தலைக்குமேல் ‘அழு’ என்று எழுதினால் அது வர்ணனை ஆகாது, மாமியார் ஆகிவிடும். மலையுச்சியில் தொங்குகிறவனின் அருகே ‘விழு’ என்று எழுதுவது கொலைக்கு உடந்தை.

ஆக டுமீலுக்கு மாற்று இல்லை. அப்படியானால் இலக்கணத்துக்கு வெளியே அது எப்படி உயிர்வாழ்கிறது? இங்கேதான் எனக்குப் பல இரவு தூக்கம் போயிற்று. விடை இடையியலில் இருக்கிறது. நம் மொழியில் ஒலிக்குறிப்பு தனியாக நிற்காது. அதைத் தாங்கிப் பிடிக்க ‘என’ என்றோ ‘என்று’ என்றோ ஓர் இடைச்சொல் வேண்டும். ‘டுமீல் என்று சுட்டான்’, ‘தடால் என விழுந்தான்’. இடைச்சொல்லைப் பிடுங்கிவிட்டால் ஒலி அந்தரத்தில் தொங்கும். கட்டுரையிலும் நாவலிலும் இந்த விதியை மீறிப் பார்த்தேன், வாக்கியம் சரிந்துவிட்டது. காமிக்ஸில் மட்டும் ‘டுமீல்’ என்று பெரிதாக எழுதி, கோணலாகச் சாய்த்து, ஓரத்தில் முள்முள்ளாக வரைந்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்கள், ஒன்றும் சரியவில்லை. ஏனென்றால் அங்கே ‘என’வை யாரும் விடவில்லை. துப்பாக்கி முனையில் வரைந்திருக்கும் அந்தப் புகைதான் ‘என’. படம் வேலை பார்க்கிற இடைச்சொல். தொல்காப்பியருக்குப் படம் வரையத் தெரிந்திருந்தால் ஒரு சூத்திரம் கூடியிருக்கும்.

கட்டத்துக்குள் ஒலியை இப்படித் தனியாக எழுதுகிற பழக்கத்தை வளர்த்தவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் அமெரிக்க ஓவியர் ராய் கிரேன். அவர் 1943-இல் தொடங்கிய பஸ் சாயர் என்ற கடற்படை விமானிதான் முத்து காமிக்ஸில் நமக்குச் ‘சார்லி’. ஆதிகர்த்தாவின் பிள்ளையையே வேறு பெயரில் வீட்டில் வைத்துச் சோறு போட்டிருக்கிறோம், தெரியாமலே.

சாகும்போது வரும் ஓசையையும் விட்டுவிட முடியாது. அட்டையிலியில் ஒருவன் மலையிலிருந்து விழுகிறான். ‘ஆ’ ஏழு முறை அச்சாகியிருக்கிறது, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறிதாக. அளபெடை விதிப்படி நெடிலுக்குப் பின் இனமான குறில் வர வேண்டும். அவன் ‘ஆஅஅ’ என்றுதான் அலறியிருக்க வேண்டும். சாகிறவனிடம் கண்டிப்பு காட்ட வேண்டாம், ஏழு நெடிலையும் அப்படியே ஏற்போம். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மொத்தம் பதினான்கு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். தாராளமாகக் கால் விநாடி என்று வைத்தால் அவன் மூன்றரை விநாடி விழுந்திருக்கிறான். பள்ளிக்கூட இயற்பியல் வாய்பாட்டில் போட்டால் 60 மீட்டர், அதாவது 200 அடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கம் முன்னால் அதே மலையை ‘அதலபாதாளம்’ என்று வர்ணித்திருக்கிறார்கள். ஒன்று வர்ணனை மிகை, இல்லையேல் பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது.

விஞ்ஞானக் கதைகளில் இலக்கணம் வேறு விதமாக இடிக்கிறது. எழுத்தொலி பிறக்க உந்தியிலிருந்து காற்று எழும்ப வேண்டும் என்பது பிறப்பியல். காற்றில்லாத விண்வெளியில் ஒலியும் இல்லை, எழுத்தும் இல்லை. இந்த இடத்தில் தொல்காப்பியரும் இயற்பியல் வாத்தியாரும் ஒரே கட்சி. ஆகவே விண்வெளிக் கப்பல் ‘டமால்’ என்று வெடிப்பது இரட்டைப் பிழை. அதைவிடச் சிக்கல், 1952-இல் பிரிட்டனில் பிறந்த இரும்பு மனிதன் ஆர்ச்சி. தமிழில் இவன் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இவனுக்கு உந்தியே கிடையாது! இவன் பேசுவது இலக்கணப்படி பேச்சல்ல. இரும்புக்கை மாயாவியோ நேர்மாறு: மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கை மட்டும் தெரிய, மற்ற உடம்பு மறைந்துபோகும். மறைவது ஏன் சத்தமில்லாமல் நடக்கிறது என்று யாரும் ஆராயவில்லை. லயன் வண்ணத்தில் மறுபிறவி எடுத்த 2012-இல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டுக்கு, அவர் நம் ஊரில் இருந்திருந்தால் நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்திருப்பார்.

இந்த முடிவுகளை ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டிக் கூடும் காமிக்ஸ் நண்பர்களிடம் சொல்லலாம் என்று ஒரு முறை நினைத்ததுண்டு. அங்கே டெக்ஸ் ‘இரவுக் கழுகார்’, அவர் கூட்டாளி கார்சன் ‘வெள்ளிமுடியார்’. நரைத்த தலையோடு, வங்கி மேலாளராகவும் தலைமையாசிரியராகவும் வாழ்கிறவர்கள் இந்தப் பெயர்களை மரியாதையோடு உச்சரிப்பார்கள். ‘மாயாவி’ என்றால் இரும்புக்கையா, ராணி காமிக்ஸ் அந்தப் பெயரில் அழைத்த வேதாளரா என்று வழக்கு தொடங்கினால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். அந்த அவையில் டுமீலைக் குற்றம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

எனவே அட்டையிலியின் கடைசித் தாளுக்கே திரும்பினேன். மேல் பாதி மிஞ்சியிருக்கிறது. வில்லன் துப்பாக்கியை நீட்டியிருக்கிறான். எதிரே யார் என்பது கிழிசலோடு போயிற்று. கிழிந்த ஓரத்தில், கட்டத்தின் மூலையில், ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது: ‘டு’. அது பேச்சு பலூனுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று சொல்லப் போதுமான தாள் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிறகு தர்க்கம் தானே வந்து நின்றது: தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்காது, ஆகவே இது பேச்சாக இருக்க முடியாது, ஆகவே இது டுமீலேதான், ஆகவே அவன் சுட்டுவிட்டான். குற்றமே சாட்சியாகிவிட்டது! பழம்பெரும் இலக்கண மரபைக் கொண்டு ஒரு கொலையைத் துலக்கிய களிப்பில் சமையலறைக்கு ஓடி, தாளை மனைவியிடம் நீட்டி விளக்கினேன்.

அவள் கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏங்க, ‘டுபாக்கூர்’னு கூட இருக்கலாம் இல்ல?”