புதுசா ஒரு ஃபார்மேட்டா, ராசா?

வாய்யா, உட்காரு. செம்பனை நின்ன செடெனாக்குல இப்ப டேட்டா சென்டர் நிக்குது. அதுல நீ வேலை பார்க்குறதுல இந்தத் தாத்தனுக்குப் பெருமைதான். ஆனா ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு புதுசா ஒரு கான்ஃபிக் ஃபைல் ஃபார்மேட் கண்டுபிடிக்கிறியாமே? ஜேசன், யாமல், டாமல், எக்ஸ்எம்எல்னு இத்தனை இருந்தும், கூலாய்க்காரன் கைபட்டது ஒண்ணுகூட இல்லையேன்னு எனக்கும் பெரிய குறைதான்.

உன் கோவத்துல நியாயம் இருக்கு. யாமல்ல நார்வே நாட்டுக்கு 'என்ஓ'ன்னு சுருக்கி எழுதினா, அதை 'இல்லை'ன்னு எடுத்துக்குமாம். ஆளு வந்து நின்னாலும் வரலைன்னு எழுதுற தோட்டத்து மண்டோரைப் பார்த்திருக்கேன். ஒரு தேசத்தையே இல்லேங்கிற தைரியம் அவனுக்குக்கூட வராது. 2009ல வந்த 1.2 பதிப்புல அதைத் திருத்தினாங்க. இன்னமும் பழைய 1.1 விதியையே பிடிச்சுத் தொங்குற மென்பொருள் இருக்கு. ஜேசன்லயோ குறிப்பு எழுதவே இடமில்ல. வேணும்னுதான் எடுத்தேன்னு அதைக் கொண்டாந்த கிராக்ஃபோர்டே சொல்லிட்டாரு. யாருக்கும் கை ஊறத்தான் செய்யும்.

கை ஊறுன நம்ம ஆளுங்க கதையைக் கேளு. நம்ம மலேசியாக்காரரு முத்து நெடுமாறன் 1985லயே முரசுங்கிற தமிழ் மென்பொருளைக் கொண்டாந்தாரு. அப்புறம் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறியாக்கம். நான் சங்கத்து மலருக்குப் பிழை திருத்தினவன். ஒருத்தன் 'அன்புள்ள'ன்னு தட்டி அனுப்பினது இன்னொருத்தன் மெஷின்ல கெட்ட வார்த்தையாட்டம் வந்து நிக்கும். 1999ல சென்னையில மாநாடு கூட்டி, ஒரே தரம் வைப்போம்னு உட்கார்ந்தாங்க. எந்திரிச்சப்போ விசைப்பலகை ஒண்ணு, குறியாக்கம் ரெண்டு: டேம், டேப். மடலாடுற கூட்டம் டிஸ்கிங்கிற இன்னொரு குறியாக்கத்தையும் விடல. இத்தனைக்கும் 1991லயே யூனிகோடுல தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியாச்சு. கடைசியில அங்கதான் எல்லாரும் போய்ச் சேர்ந்தோம். 2010ல தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டப்போகூட, பக்கத்துலயே டேஸ்16ன்னு இன்னொண்ணையும் உட்கார வச்சாங்க. ரெண்டு இல்லாட்டி நமக்குத் தூக்கம் வராது.

2013ல டாம் பிரெஸ்டன்-வெர்னர் தன் பேரையே வச்சு டாமல் பண்ணி ஜெயிக்கலையான்னு கேப்ப. ஜெயிச்சாரு. பழைய ஐஎன்ஐ நடையை எடுத்து, அதுக்கு ஒழுங்கா சட்டம் எழுதினாரு, அவ்வளவுதான். அதுக்கே 1.0 வர 2021 ஆச்சு. பைத்தான் தன்னோட சேர்த்துக்க 2022 ஆச்சு. அவரு கிட்ஹப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு. நீ அதுல அக்கவுண்ட் ஆரம்பிச்சவன். உன்னோடதைப் படிக்கப் பைத்தானுக்கு ஒரு பார்சர், ஜாவாவுக்கு ஒண்ணு, எடிட்டர்ல கலர் காட்ட ஒண்ணு, எந்த வரியில தப்புன்னு சொல்ல ஒண்ணு வேணும். யாரு எழுதுவா? உன் பாட்டியா?

அது போகட்டும், உன் ஃபார்மேட் எந்த நோவைத் தீர்க்கும்? ஜொகூர்ல 2014ல வார லீவு வெள்ளி, சனின்னு ஆச்சு. 2025 ஜனவரி 1ல திரும்ப சனி, ஞாயிறு. ஃபைல்ல மாத்த வேண்டியது ஒரே வரி. அது எந்த ஃபைல்ல கிடக்கு, எழுதினவன் எந்தக் கம்பெனிக்குப் போயிட்டான், ஏன் அப்படி எழுதினான்னு தேடுறதுலதான் மனுசன் பாதியாப் போறான். அதை எந்த ஃபார்மேட்டும் தானாச் சொல்லாது. பக்கத்துல ரெண்டு வார்த்தை குறிப்பு எழுதணும். அதுக்கு மட்டும் உங்க ஆளுங்களுக்கு விரல் சுளுக்கிக்கும்.

அதனால டாமல்லயே எழுதித் தொலை. மேனேஜர் யாமல்தான்னு அடம் பிடிச்சா, 'என்ஓ'வுக்கு மறக்காம மேற்கோள்குறி போடு. அப்பவும் கை ஊறுனா, சங்கத்துப் பழைய மலரெல்லாம் டிஸ்கியிலேயே கிடக்கு, யூனிகோடுக்கு மாத்திக் கொடு. நாலு பேராவது படிப்பாங்க.