தொண்ணூறு சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஒரு பிரஜையின் விக்ஞாபனம்

பட்டணத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் விஸ்தாரமாக அமைந்திருக்கும் கேளிக்கைப் பூங்காவின் நிர்வாகஸ்தர் சமூகத்துக்கு,

தங்கள் ராட்டினங்களும் சறுக்குமரங்களும் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருவதை விளம்பரங்களின் வாயிலாக அறிந்துகொள்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. தங்கள் அலைக்குளத்தின் கரையில் நின்றபோது பிடித்த ஜலதோஷம் நேற்றுத்தான் விட்டது.

என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். முப்பத்துமூன்று வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பிறத்தியார் எழுதிய வாசகங்களை வரி விடாமல் படித்தே ஜீவனம் செய்தவன் நான். பழக்கதோஷத்தால் தங்கள் வாசலில் நிறுத்தியிருக்கும் விதிப் பலகையையும் முதல் விதி தொடங்கிக் கடைசி விதி வரையில் நின்று படித்தேன். அந்தப் பலகையை முழுதும் படித்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டுமென்பது, தங்கள் காவலர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்த பார்வையிலிருந்தே தெரிந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த வாசகம், தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்குப் பிரவேசம் இலவசம் என்பதாகும். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு தர்மசிந்தனையா என்று மனம் உருகி, என் சகதர்மிணி, மகள், மாப்பிள்ளை, பத்து மாதப் பேத்தி ஆகியோர் அடங்கிய பரிவாரத்தோடு உள்ளே நுழைந்தேன்.

நுழைந்தேன் என்று எழுதிவிட்டேன். நுழைவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் கழிந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தங்கள் வாசலில் ஒரு கரடி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் கைக்கு அடியில் நுழைந்து போகிறவர்கள் இலவசம், தலை இடிக்கிறவர்கள் காசு கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. "பாப்பாவ இங்க நிக்க வைங்க சார்" என்றார் காவலர். நிற்கத் தெரியாத ஜீவனை எப்படி நிற்க வைப்பது? பாட்டி அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். குழந்தை காலை மடக்கிக்கொண்டு கரடியின் தொப்புளை ஆராயத் தொடங்கிவிட்டது. கடைசியில் என் மகள் தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினாள். ஒன்பதாம் மாத ஊசியின்போது செவிலியர் தம் கையெழுத்தில் எழுபது சென்டிமீட்டர் என்று பதிந்திருந்தார். ஒரு மாதத்துக்குள் எந்தச் சிசுவும் இருபது சென்டிமீட்டர் வளர்ந்துவிடாது என்பதை ஒத்துக்கொள்ளக் காவலர் தம் மேலதிகாரியைத் தொலைபேசியில் கலந்தாலோசிக்க வேண்டியிருந்தது. பதிவுத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த ஜாக்கிரதையை நான் உள்ளூர மெச்சினேன்.

அடுத்தது பிளாஸ்க் பரீட்சை. வெளி உணவுக்கு அனுமதி கிடையாது, குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று பலகை சொல்லியிருந்தது. ஆனால் குழந்தை உணவு என்பது கம்பெனி முத்திரை போட்ட டப்பாவில் வருவது என்றும், பிளாஸ்கில் வருகிற கேழ்வரகுக் கஞ்சி எந்த வயதினரும் குடிக்கத்தக்கதாகையால் அது வெளி உணவே என்றும் தங்கள் உத்தியோகஸ்தர் வியாக்யானம் செய்தார். "இது பாப்பாவுக்குத்தான்னு எப்படிம்மா நம்புறது?" என்று அவர் கேட்க, "நீயே ஒரு வாய் குடிச்சுப் பாருப்பா, உப்பும் கிடையாது சர்க்கரையும் கிடையாது, பெரியவா யாராவது குடிப்பாளான்னு தெரிஞ்சுடும்" என்று என் மனைவி பாலாடையை நீட்டினாள். அந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றத்திலும் பதில் கிடைத்திராது.

பின்பு காகிதப் பட்டை கட்டும் சடங்கு. காசு கொடுத்த நால்வருக்கும் மணிக்கட்டில் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டினார்கள். பேத்திக்குக் கிடையாது. "ஃப்ரீதானே சார், அதுக்கு எதுக்கு பேண்டு?" என்றார்கள். தங்கள் பூங்காவில் உள்ள அத்தனை பொருள்களிலும் என் பேத்தி மனமார விரும்பியது அந்தப் பட்டை ஒன்றைத்தான்; அதற்காக அவள் அழுத அழுகையை வாசலில் இருந்த அனைவரும் கேட்டிருப்பார்கள். சமாதானத்துக்காக என் மணிக்கட்டை அவள் வாயருகே நீட்டினேன். புதிதாக முளைத்த இரண்டு கீழ்ப்பற்களால் அவள் அதைக் கடித்துக் குதறிவிட்டபடியால், அன்று முழுதும் ஒவ்வொரு வாயிலிலும் தங்கள் சிப்பந்திகள் என்னை மோசடிக்காரனைப் போல நிறுத்தி விசாரித்தார்கள்.

இனி சாகசங்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் ஒவ்வோர் அளவுகோல். நூற்றிருபது சென்டிமீட்டர் வேண்டும் என்கிறது ஒன்று. நூற்று நாற்பதுக்குக் குறைந்தால் வராதே என்கிறது மற்றொன்று. பிறக்கும்போது சுமார் ஐம்பது சென்டிமீட்டர் இருக்கிற குழந்தை ஒரு வயதில் எழுபத்தைந்தை எட்டி, இரண்டரை வயதுவாக்கில் தொண்ணூறைத் தொட்டு, நூற்றிருபதுக்கு வர ஏழு வயதாகும் என்பது குழந்தை வைத்தியர்களின் கணக்கு. ஆக இலவசமாகப் பிரவேசிக்கும் பாக்கியம் உள்ள வரையில் அவள் பெரிய சாகசம் எதிலும் ஏற முடியாது. ஏறத் தகுதி பெறும்போது இலவசம் போய் நாலரை வருஷம் ஆகியிருக்கும். இவ்வளவு பிசகில்லாத கணக்கை நான் எந்தக் கிரயப் பத்திரத்திலும் கண்டதில்லை. இது தற்செயலாக அமைந்ததாக இருக்க முடியாது.

பெரியவர்கள் கதியும் அதுவே. எனக்கு ரத்த அழுத்தம், பலகைப்படி விலக்கப்பட்டவன். மனைவிக்கு முழங்கால் வலி. மகள் கையில் குழந்தை. எஞ்சிய மாப்பிள்ளை, பேருந்தில் பின் இருக்கையில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிற சுபாவம் உடையவர். கொடுத்த காசுக்காவது ஒன்றில் ஏறிவிட்டு வருகிறேன் என்று கடமையுணர்ச்சியோடு போய், தலைகீழாகச் சுழற்றப்பட்டு, திரும்பி வந்து புல்தரையில் படுத்தவர் பகல் இரண்டு மணிக்குத்தான் கண் திறந்தார். நாலு முழு டிக்கெட்டுக்கு ஒரே ஒரு சவாரி, அதுவும் வாந்தியோடு.

இந்த இடத்தில் தங்கள் தொழிலின் மூலபுருஷரை ஸ்மரிக்காமல் இருக்க முடியவில்லை. வால்ட் டிஸ்னி தம் இரண்டு பெண்களையும் லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் பூங்காவில் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தாம் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்று எண்ணியதிலிருந்தே டிஸ்னிலாந்து பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ஆம் தேதி அது திறக்கப்பட்டபோது, குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தம் காரணமாகக் குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டையும் முடிக்க அவகாசமில்லாமல் போக, அவர் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். கொதிக்கும் வெயிலில் வந்த ஜனங்கள், பானம் விற்பதற்காகச் செய்த தந்திரம் இது என்று ஏசினார்கள். தாங்கள் அந்த மகான் பட்ட அவஸ்தையிலிருந்து பாடம் கற்றவர்கள். குடிநீர்க் குழாய் வைத்திருக்கிறீர்கள். அதன்மேல் "பழுது" என்ற பலகையையும் நிரந்தரமாக வார்னிஷ் அடித்து மாட்டியிருக்கிறீர்கள். பெஞ்சும் உண்டு, இரும்பில். சித்திரை வெயிலில் என் மனைவி அதில் உட்கார்ந்து எழுந்த வேகத்துக்கு ஈடான சாகசம் எதையும் தங்கள் பூங்காவில் நான் காணவில்லை.

பதினொரு மணிக்குக் குழந்தைக்குப் பசி. வரைபடத்தில் தாய்மார் பாலூட்டும் அறை என்று ரோஜா நிறத்தில் ஒரு சதுரம் போட்டிருந்தது. பூட்டியிருந்தது. சாவி முதலுதவிக்காரரிடம், முதலுதவிக்காரர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். திறந்தபோது உள்ளே நாலு துடைப்பம், ஒரு மேஜை விசிறி, அலமாரிமேல் இரண்டு கரடித் தலைகள். வேஷக்காரர்கள் மத்தியானத்தில் கழற்றி வைத்தவை போலும். அவை இரண்டும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கக் குழந்தை பால் குடிக்க மறுத்துவிட்டது. அதன் மானவுணர்ச்சியை நான் பாராட்டுகிறேன். நம் மாகாணத்துப் பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டிலேயே இதற்கென அறைகள் திறந்தார்கள். அவை எல்லாம் இன்று எப்படி இருக்கின்றனவோ, அது வேறு கதை. ஆனால் பேருந்து நிலையத்துக்குள் நுழைய யாரும் கட்டணம் கேட்பதில்லை என்பதை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தின் சாரம். பால் குடித்த, அல்லது குடிக்காத, குழந்தைக்குத் தூக்கம் வரும். எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவில் கைக்குழந்தையோடு வந்தவளுக்குத் தேவையானது ஒரு புளியமரக் கிளையும் ஒரு பழம்புடவையும்தான். கிளையில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டால், ரங்கராட்டினம் சுற்றட்டும், அதிர்வேட்டு வெடிக்கட்டும், அது பாட்டுக்குத் தூங்கும். தங்களிடமும் மரங்கள் ஏராளம். ஆனால் அனைத்தும் சிமெண்டு. கிளை இருக்க வேண்டிய இடத்தில் ஒலிபெருக்கி. புடவையோ, தங்கள் விதிப்படி நீர்ப்பகுதியின் எல்லைக்குள்ளேயே வரக்கூடாத வஸ்து. நைலான் உடுப்பு வாடகைக்கு எடுத்தால்தான் அனுமதி. எங்களுக்குப் புடவை என்பது குழந்தைக்குத் தூளி, வெயிலுக்குக் குடை, பாலூட்டத் திரை, மூக்குத் துடைக்கத் துவாலை, பயந்தால் முகம் புதைக்க ஒரு மறைவு. அறுபத்தெட்டு வயதில் நைலான் கால்சட்டைக்குச் சம்மதிக்காத என் மனைவி எல்லைக்கு வெளியே நின்றாள். அவளோடு இந்த ஐந்து சாதனங்களும் வெளியே நின்றன.

ஒருவழியாக நிழலுள்ள இடம் ஒன்று அகப்பட்டது. பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்த ஓர் இயந்திரத்தின் முன்னே, ஜனங்கள் வளைந்து வளைந்து வரிசையில் நிற்பதற்காகப் போட்ட இரும்புக் கம்பிக் கிராதிகள், மேலே தகரக் கூரை, ஆளரவமே இல்லை. மனைவி மாற்றுப்புடவையை எடுத்துக் கூரைக்கம்பியில் தூளி கட்டினாள். இரண்டு ஆட்டு ஆட்டியதும் குழந்தை உறங்கிவிட்டது. அன்று அந்த இயந்திரம் செய்யாத காரியத்தை ஒரு சுங்குடிப் புடவை செய்தது.

கால் மணிகூட ஆகியிராது. ஊதலோடு ஒரு காவலர் வந்தார். பொறுப்புள்ள இளைஞர், முகத்தில் வியர்வை. "சார், இந்த லைன்ல நூத்தி இருபதுக்குக் கீழ அலவ் இல்ல" என்றார். இயந்திரம் ஓடவில்லையே என்றேன். ஓடாவிட்டாலும் வரிசை வரிசைதான் என்றார். குழந்தை நிற்கவில்லை, படுத்திருக்கிறது, படுத்திருப்பவருக்கு உயரம் ஏது, நீளந்தானே உண்டு என்று என் உத்தியோக அனுபவத்தைத் துணைக்கழைத்து வாதித்தேன். அவர் சற்று யோசித்து, தூளியை எட்டிப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்கும் ஆறு மாசத்துல ஒண்ணு இருக்கு சார், கேமரா பாக்குது, என்ன பண்றது" என்றார். அதற்குமேல் நான் வாதிக்கவில்லை. தூங்குகிற குழந்தையோடு தூளியை அவிழ்த்தோம். விழித்துக்கொண்டு அது அழுதது. அந்த இளைஞர் ஊதலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எங்கள் கூடையைத் தூக்கி வந்து வெளிவாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

வீடு திரும்பும் வழியில் யோசித்தேன். தங்களிடம் கல்நெஞ்சம் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. கேளிக்கைப் பூங்காக்களின் பிரவேசத்துக்கு 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி 28 சதவிகிதம் விதித்தார்கள். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். பூஜ்யத்துக்கு எத்தனை சதவிகிதம் போட்டாலும் பூஜ்யமே. ஆகவே இலவசமாக வந்த சிசு சர்க்கார் ஏட்டிலும் இல்லை, தங்கள் ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இல்லாத பிரஜைக்கு மரம் எதற்கு, அறை எதற்கு, மணிக்கட்டுப் பட்டைதான் எதற்கு? தர்மமாகக் கொடுத்த அனுமதியில் சௌகரியம் கேட்பது, அன்னதானத்தில் ஊறுகாய் எங்கே என்று கேட்பதற்குச் சமானம்.

எனவே என் பிரார்த்தனை ஒன்றே. இந்த இலவசத்தை ரத்து செய்து, தொண்ணூறு சென்டிமீட்டருக்கு உட்பட்டவர்களுக்கும் கட்டணம் விதியுங்கள். கொடுத்துவிடுகிறோம். காசு கொடுத்த மறு நிமிஷமே அவள் வாடிக்கையாளர் ஆகிவிடுவாள்; வாடிக்கையாளருக்கு நிழல் வேண்டும், பூட்டாத அறை வேண்டும், பழுதாகாத குழாய் வேண்டும் என்று தங்கள் விற்பனைப் பிரிவே கண்டுபிடித்துவிடும். பெரியவர்களுக்கு நாலு சவாரிக்கு ஒரு விலை வைத்திருப்பதுபோல், இவர்களுக்கு நாலு தூக்கத்துக்கு ஒரு விலை வைத்தாலும் ஆட்சேபமில்லை.

முன்மாதிரியாக இருக்கட்டும் என்று, சென்ற விஜயத்துக்கு என் பேத்தியின் கட்டணமாக நூறு ரூபாயும், அதன்மேல் வரி பதினெட்டும் சேர்த்து நூற்றுப் பதினெட்டு ரூபாய்க்குக் காசோலை இணைத்திருக்கிறேன். ரசீதைக் குழந்தையின் பெயருக்கே அனுப்ப வேண்டியது. பெயர் காசோலையின் பின்புறம் இருக்கிறது. கூடவே ஆரஞ்சுப் பட்டை ஒன்றையும் வைத்து அனுப்பவும். என்னுடையதை அவள் தின்று தீர்த்துவிட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் விதிப் பலகையின் வாசகன்