வேலிக்கு அப்பால் நாலு செடி

யாழ்ப்பாணத்தில் வேலிக்காகக் கோடேறிய பரம்பரையில் வந்தவன் நான். ஸ்காபரோவில் வீடு வாங்கியபோதும் முதலில் பார்த்தது வேலியைத்தான். நெஞ்சளவு உயரம், பலகை, நேராக நின்றது. அப்பால் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. வெண்தாடி, அளந்து பேசுகிற மனிதர். வருடக்கணக்காக எங்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் இங்கிருந்து கத்தரிக்காய், அங்கிருந்து தக்காளி என்ற அளவோடு நின்றது.

2018 ஒக்டோபர் 17ஆம் திகதி கனடாவில் கஞ்சா சட்டபூர்வமாகியது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர்கள் வீட்டில் நாலு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு அல்ல, வீட்டுக்கு நாலு. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் ஒன்றுகூட வைக்கக் கூடாது. அடுத்த கோடையில் தாடிக்காரரின் தக்காளிப் பாத்தியில் நாலு புதுக் கன்றுகள் நின்றன. ஜூலை முடிவதற்குள் அவை வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தன.

"இஞ்சேருங்கோ, அது என்ன செடி? நல்ல வடிவாக் கிடக்கு" என்றாள் மனைவி.

சொன்னேன். அன்றே அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாள். அன்றிலிருந்து நாளுக்கு நாலு தரம் அதை விலக்கிப் பார்க்கவும் தொடங்கினாள்.

ஓகஸ்டில் இரவு நீளத் தொடங்கியதும் செடிகள் பூத்தன. செப்டெம்பரில் வாசம் வந்தது. முதல் நாள் எங்கள் வீட்டுக்குக் கீழே நாற்றம் பீச்சும் ஸ்கங்க் ஒன்று செத்துக் கிடக்கிறது என்று நினைத்து ரோர்ச் அடித்துத் தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு வந்து மூக்கைச் சுளித்தான். நான் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினேன். அவன் தலையை ஆட்டினான். நம்பியதாகத் தெரியவில்லை. அவனையும் குறை சொல்ல முடியாது. காலையில் ஊர்ப் பேப்பரைத் திறந்தால் "கேரளக் கஞ்சாவுடன் ஒருவர் கைது" என்ற செய்தியில்தான் அவனுக்கு விடிகிறது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. இப்போது கேரளத்தின் பெயரோடு வேறொரு இலை கடல் கடந்து ஊருக்கு வருகிறது. பழைய கணக்கை யாரோ வட்டியோடு தீர்க்கிறார்கள்.

இந்தப் புகையிலைதான் என்னை மாட்டிவைத்தது. ஐயா புகையிலைத் தோட்டம் செய்தவர் என்று ஒருநாள் வாய் தவறித் தாடிக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண் விரிந்தது. "அப்படியென்றால் எப்போது வெட்டுவது என்று உங்களுக்குத் தெரியும்!" என்றார். புகையிலையில் பறிப்பது இலையை, இதில் பறிப்பது பூவை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கமக்காரன் மகன் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. பட்டத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஐயா பதம் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை. விடியற்காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் நடப்பார். இலை ஓரம் தொய்ந்திருக்க வேண்டும். பச்சைக்குள் மஞ்சள் திட்டுத் தெரிய வேண்டும். காம்பை மடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். மூன்றும் சேர்ந்தால் "ம்" என்பார். அந்த "ம்" வரும்வரை தோட்டத்தில் யாரும் கத்தி எடுக்க மாட்டார்கள்.

தாடிக்காரரிடம் ஒரு கருவி இருந்தது. நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பது போன்ற சின்னக் கண்ணாடி, 60 மடங்கு பெருப்பித்துக் காட்டும். அதை என்னிடம் நீட்டி ஒரு பூவை வளைத்துப் பிடித்தார். நான் குனிந்து பார்த்தேன். பார்த்தவன் சிறிது நேரம் நிமிரவில்லை. உள்ளே ஒரு குண்டூசிக் காடு. ஒவ்வொரு ஊசிக்கும் பளபளவென்று ஓர் உருண்டைத் தலை. சரக்கில் பெரும்பகுதி அந்தத் தலைக்குள்தான் இருக்கிறது என்றார். தலை கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் பிஞ்சு. கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கினால் பதம். பனம்பாணி நிறத்துக்குத் திரும்பினால் கடந்துவிட்டது. அதைப் பிடித்தவர் நித்திரைக்குத்தான் போவார் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்களாம். கஞ்சியும் பாணியும் என் உவமை. அவர் சொன்ன உவமைகள் பாலும் தேனும்.

கண்ணாடி இல்லாதவர்கள் பூவில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைப் பார்ப்பார்கள். வெள்ளையாக நின்றால் இளமை, செம்பட்டையாகிச் சுருண்டால் முதுமை. எங்கள் பெரியப்பா மருதோன்றி பூசியபோதும் இதே வரிசையில்தான் நடந்தது. ஆனால் பெரியப்பாவை நம்பியது போலவே இதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். மழை அடித்தாலும், கை உரசினாலும் மயிர் காலத்துக்கு முன்பே சிவந்துவிடும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று படித்தவன் நான். இந்தச் செடியிடம் அந்தப் பழமொழி தோற்றுப்போனது. வெயில் குடித்த உச்சிப் பூ கஞ்சியாகியிருக்கும். அடிக்கிளைப் பூ இன்னும் கண்ணாடியாகவே நிற்கும். ஒரே பூவில்கூட, அதை ஒட்டிய குட்டி இலையில் இருக்கும் தலைகள் முந்திப் பழுத்து ஆளை ஏமாற்றும். பார்க்க வேண்டியது பூவை. இலையைப் பார்த்து அவசரப்பட்டவர்கள் ஏராளம் என்றார் தாடிக்காரர். தாமும் அதில் ஒருவர் என்பதைத் தாடியைத் தடவியபடி ஒப்புக்கொண்டார்.

ஒக்டோபர் முதல் வாரம் ஹலிஃபாக்ஸில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெட்டியோடு வந்து கண்ணாடியை என் உள்ளங்கையில் வைத்தார். "கலங்கல் பெரும்பகுதி, தேன் அங்கொன்று இங்கொன்று, அப்போது வெட்டுங்கள். சாம்பல் பூஞ்சை கண்டால் காத்திருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டக்சியில் ஏறினார்.

அவர் போனதும் மழை பிடித்துக்கொண்டது. தினமும் காலை ஏழு மணிக்குச் சாரத்துக்கு மேல் குளிர் ஜக்கெற், தலையில் கம்பளித் தொப்பி, கண்ணில் கண்ணாடி என்று அடுத்த வீட்டுக் கஞ்சாச் செடிக்கு முன்னால் குனிந்து நின்றேன். மூன்றாம் நாள் தெருவில் ஒரு கார் வேகம் குறைத்துப் போனது. நான் வீட்டுக்குள் வருவதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி. "அக்கா, அத்தான் சுகமாய் இருக்கிறாரோ?"

ஐந்தாம் நாள் உச்சிப் பூவில் ஒரே ஒரு இலை மட்டும் வாடியிருந்தது. இழுத்தேன், கையோடு வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு. பூஞ்சை கொழுத்த பூவின் நடுவிலிருந்துதான் தொடங்கும். வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அந்தப் பூவை நறுக்கி எறிந்தேன். மற்றதைப் பார்த்தால் கலங்கல் பாதி, தெளிவு பாதி. வெட்டினால் பிஞ்சு, விட்டால் பூஞ்சை. ஐயாவை நினைத்துக்கொண்டு "ம்" சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டு நாள் இப்படியே "ம்" சொல்வதும் அழிப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் பின்கதவு திறந்தது. மனைவி சமையலறைக் கத்தரிக்கோலோடு வேலியைச் சுற்றி வந்தாள். கண்ணாடியைப் பிடுங்கி, நாலு செடியிலும் மேலும் கீழுமாகப் பார்த்தாள். நாற்பது வருடமாக அரியதரத்துக்குப் பாகு காய்ச்சுகிற கண் அது.

"மேல்பாதி பதம் வந்திட்டுது. இனி விட்டால் இறுகிப் போகும். கீழ்பாதி ஒரு கிழமை நிக்கட்டும்."

சொல்லி முடிக்கும்போது முதல் கிளை விழுந்திருந்தது. ஒருத்தி பாகைப் பார்த்துப் பழகியதை நான் ஒரு வாரம் கண்ணாடியில் தேடியிருக்கிறேன்.

தாடிக்காரர் கராஜில் கட்டிவைத்திருந்த கயிற்றில் கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். வேலை முடிந்தபோது இரண்டு பேருடைய விரல்களும் கரிய பிசினில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சவர்க்காரம் மூன்று தரம் போட்டும் அசையவில்லை. மனைவி பேசாமல் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள். பலாப்பழம் வெட்டிய வீட்டுப் பிள்ளைக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஒரு தேய்ப்பில் வழிந்து போனது. வாசம் மட்டும் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் எங்களைச் சுற்றி நிறைய இடம் கிடைத்தது.

பத்து நாளில் மெல்லிய காம்பு மடித்தால் சட்டென்று ஒடிந்தது. ஐயாவின் மூன்றாவது அடையாளம், கனடாவில் ஒரு கராஜுக்குள். ஈரத்தில் ஐந்து பங்கு இருந்தது காய்ந்து ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. தாடிக்காரர் திரும்பி வந்து ஒரு பூவை முகர்ந்தார், கண்ணாடியில் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மறுக்காமல் குலுக்கிக்கொண்டேன். ஜன்னல் திரை அசைந்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

அடுத்த செப்டெம்பரில் அவர் கண்ணாடியோடு வேலிக்கு வந்து எனக்கு வணக்கம் சொன்னார். பிறகு, "வீட்டில் அம்மா இருக்கிறாரா?" என்று கேட்டார்.

ஆகவே, வீட்டில் நாலு செடி வளர்க்கச் சட்டம் இடம்கொடுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை இது: 60 மடங்குக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இலையை விட்டுப் பூவைப் பாருங்கள், மழைக்குப் பிறகு வாடிய இலையை இழுத்துப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால், பாகு காய்ச்சத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். வரும்போது தேங்காய் எண்ணெயும் கொண்டு வரச் சொல்லுங்கள்.