ஓடும் வீடு, ஒழுகும் கூரை

அமெரிக்காவில் 1973 முதல் 1978 வரை ஜிஎம்சி ஒரு மோட்டார்ஹோம் தயாரித்தது. முன்சக்கர இயக்கம், பெரும்பாலானவற்றில் 7.5 லிட்டர் வி8 எஞ்சின், பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம். அதை இன்றும் தாமே ரிப்பேர் பார்த்து ஓட்டுகிறவர்கள் உண்டு. ஓட்டுகிறார்கள் என்பது மரியாதைக்கு. பெரும்பாலும் வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கிறார்கள். வீட்டைக் கட்டிப்பார் என்ற நம்மூர்ப் பெரியவர்களுக்கு, நல்லவேளை, அதற்குச் சக்கரம் வைக்கத் தோன்றவில்லை.

கூரை ஒழுகினால் சொட்டுவது கட்டில் மேல்; ஓட்டை இருப்பதோ முன்பக்கத்து ஏசிக்கு அடியில். தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். ரிப்பேரும் முடிந்ததாகக் கணக்கு.

ஃபிரிட்ஜ் இன்னும் விசேஷம். கேஸ் சுடரால் அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர் உண்டாக்கும் ரகம் (நெருப்பு மூட்டி ஐஸ் எடுப்பது!). வண்டி சாய்ந்து நின்றால் அம்மோனியா ஓட்டம் தடைபடும். ஆகவே மலைச்சரிவில் நிறுத்தியதும் ஐயா முதலில் பார்ப்பது பள்ளத்தாக்கை அல்ல, ரசமட்டத்தை.

ஹோட்டல் செலவு மிச்சம் என்றுதான் வாங்கும்போது சொன்னார். இப்போது சமையல் மேடையில் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டிருப்பதால், குடும்பத்துக்குச் சாப்பாடு ஹோட்டலில்.