முகத்தை மட்டும் காட்டிடாதே, பேராண்டி

ஓசூர்ல கம்பெனி வேலையை விட்டுட்டு, சின்னப் படங்களுக்குப் போஸ்டர் டிசைன் பண்ணக் கிளம்பிட்டியாமே பேராண்டி. நல்லது. உங்க அப்பன் ஷிப்டு பாத்துப் பாத்தே தலை நரைச்சான். நீயாவது கலைக்காகப் பட்டினி கெட. கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காம நாலு வார்த்தை கேட்டுக்கோ. காசு கேக்க மாட்டேன்.

மொத விஷயம், முகத்தைக் காட்டிடாதே. முகம் தெரிஞ்சா அது வியாபாரப் படம் ஆயிடும். ஆளைத் திருப்பி முதுகு தெரிய நிக்க வை. அவனுக்கு முன்னால காஞ்ச காடு, ஒத்தை மரம், முக்கால்வாசித் தாளுக்கு வானம். வானத்துக்குச் சம்பளம் தர வேணாம் பாரு. கலரு? சூளகிரிப் பக்கம் கிரஷர் ஓடற ரோட்டோரம் வேட்டி காயப் போட்டா சாயங்காலம் ஒரு கலரு வருமே, அதேதான். தப்பித் தவறிப் பச்சை வெச்சுடாதே. இந்த ஊர்ல மழை பெய்யுது போல, அப்ப எதுக்கு விருதுன்னு ஜூரி யோசிச்சுடுவான்.

தலைப்பை இங்கிலீஷ்ல போடு. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல ஆளு படுத்துப் பொரளற அளவுக்கு எடம் விடு. தமிழ்ப் பேரை ஒரு மூலையில ஒதுக்கு. தமிழ் தெரிஞ்சவன் எப்படியும் குனிஞ்சு தேடிக்குவான், பழக்கம்தானே.

அடியில நெட்டையா, ஒல்லியா ஒரு கூட்டம் பேருங்களை நசுக்கி அடுக்கறீங்களே, அது ஏன் வந்துதுன்னு உனக்குத் தெரியுமா? அமெரிக்காவுல ஒப்பந்தத்துலயே எழுதிடுவாங்க, இன்னார் பேரு தலைப்பு எழுத்துல இத்தினி பங்கு உசரம் இருக்கணும்னு. அகலத்தைப் பத்திப் பேச்சு இல்ல. சரி, உசரத்தை விட்டுட்டு அகலத்தைப் பிழிஞ்சுட்டாங்க. அது வக்கீலுக்குப் பயந்து செஞ்ச வேலை. உனக்கு எந்த வக்கீலுடா நோட்டீஸ் அனுப்பினான்? படத்துல வேலை செஞ்சவங்களே பத்துப் பேரு. அதுல நாலு பேரு உன் ரூமுலதான் தூங்கறான். அவனுங்க பேரைப் படிக்கறாப்புலதான் போட்டா என்ன?

அப்புறம் இலை. ரெண்டு பக்கமும் வளைஞ்ச இலை, நடுவுல ‘அதிகாரபூர்வத் தேர்வு’ன்னு ஒரு வரி. இது இல்லாத போஸ்டர் போஸ்டரே இல்லியாம். கேன்ஸ்ல 1955-லருந்து தங்கப் பனை குடுக்கறான், பெரிய எடம். ரோட்டர்டாம்ல புலி, ‘கூழாங்கல்’ எடுத்த மேலூர்ப் பையன் வினோத்ராஜ் 2021-ல அந்தப் புலியைப் புடிச்சுகினு வந்தான். லொகார்னோவுல சிறுத்தை, பெர்லின்ல கரடி, வெனிஸ்ல சிங்கம். நம்ம தளி, ஜவளகிரிப் பக்கம் யானை வந்து ராகிக் காட்டையே காலி பண்ணிட்டுப் போவுது, அதுக்குத்தான் ஒருத்தனும் விழா எடுக்கக் காணோம்.

புலி வாங்கினவன் புலியைப் போடட்டும், அது அவன் ஒழைப்பு. ஆனா நுழைவுக் கட்டணம் கட்டினவனுக்கெல்லாம் இலை அனுப்பற விழாவும் இருக்குன்னு உனக்கே தெரியும். அதையெல்லாம் சேத்து ரெண்டு வரிசை நெருக்கி அடிக்கறே. டீக்கடையில நிக்கறவன் அண்ணாந்து பாத்துட்டு, ஏதோ நாட்டு மருந்துக் கடை தொறக்கறாங்கன்னு போயிடுவான்.

உங்க டிசைன் பாடமெல்லாம் நேத்து வந்தது. நம்ம பக்கம் ஆயிரம் வருஷத்துக்கு மேலயே போஸ்டர் நட்டு வெச்சிருக்கான், கல்லுல. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகல்லுங்களை ஒரு தடவை பாரு. செத்த வீரன் நடுவுல, பெருசா. கையில வில்லோ வாளோ. சிலதுல ஒடம்புல அம்பு தெச்சிருக்கும். காலடியில மாடு இருந்தா, மாடு மீட்கப் போன எடத்துல செத்தவன். எழுத்தே தெரியாத ஆளும் ஒரு நிமிஷத்துல கதையைப் புரிஞ்சுக்குவான். எழுத்து வெட்டின கல்லா இருந்தா மொதல்ல யாரு பேரு வரும்? செத்தவன் பேருன்னு நெனைக்காதே. இன்ன ராஜாவோட இத்தினியாவது ஆட்சி வருஷம்னுதான் ஆரம்பிக்கும். ராஜா அந்த மாட்டுச் சண்டைப் பக்கம் தலைகூட காட்டியிருக்க மாட்டான். இருந்தாலும் ‘வழங்கும்’ அவன்தான்.

சிரிக்காதே. 2018-ல ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வந்துது. லெனின் பாரதி எடுத்தது. தயாரிப்பு விஜய் சேதுபதி, அவரு அதுல நடிக்கல. ‘கூழாங்கல்’லுக்கு நயன்தாரா, விக்னேஷ் சிவன் கம்பெனி. 2024-ல ‘கொட்டுக்காலி’க்கு சிவகார்த்திகேயன். சண்டை போட்டது வேற ஆளு, ஆட்சி வருஷம் ராஜாவோடது. தப்புன்னு சொல்லலடா. அந்தப் பேரு மேல இல்லாட்டி கல்லைத் தூக்கி நிறுத்தவே ஆள் வந்திருக்காது. ஆனா ராஜா பேரைப் போட்டுட்டு நம்மாளு வீரனை மறந்தானா? இல்ல. செங்கம் பக்கம் எடுத்தனூர்ல ஒரு கல்லு இருக்கு, மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. வீரன் பக்கத்துல ஒரு நாய். கள்ளனைக் கடிச்ச நாய். அதோட பேரு கோவிவன். அந்தப் பேரையும் ஒக்காந்து கல்லுல வெட்டியிருக்கான். நாய்க்குப் பேரு போட்ட சீமையில பொறந்துட்டு, நீ கதாநாயகி பேரைப் பூதக்கண்ணாடி வெச்சுப் படிக்கச் சொல்றே.

எல்லைக்கு அந்தாண்ட மண்டியாப் பக்கம் ராம் ரெட்டின்னு ஒரு பையன் ‘திதி’ன்னு கன்னடப் படம் எடுத்தான். 2015-ல லொகார்னோ சிறுத்தை வாங்கின படம். நடிச்சவங்க ஊர்க்காரங்க, முன்னப்பின்ன கேமராவைப் பாக்காதவங்க. அதுல கட்டப்பான்னு ஒரு தாடிக்காரத் தாத்தா வருவாரு. பாகுபலி ஆளு இல்ல, இவரு வேற. படம் வந்தப்புறம் கன்னட நாட்டுல அந்தத் தாடியைத் தெரியாதவன் கம்மி. அவரையும் முதுகு காட்டி நிக்க வெச்சிருந்தா தாடி எப்படிரா தெரியும்?

முகம்னா கேவலம்னு யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது? சத்யஜித் ரே விளம்பரக் கம்பெனியில படம் வரைஞ்சு சம்பளம் வாங்கின ஆளு. தன் படத்துக்குத் தானே போஸ்டர் போட்டாரு, எழுத்தும் தன் கையாலயே வரைஞ்சாரு. 1960-ல வந்த ‘தேவி’க்கு ஷர்மிளா தாகூர் முகத்தைப் பெருசா வெச்சாரு. அவரைவிடவா நீ கலைப்படம்? எங்க காலத்துல சலூனுக்குப் போனா ‘பேசும் படம்’, ‘பொம்மை’ கெடக்கும். அட்டையில நடிகை நம்மளையே பாத்துகினு இருப்பா. காதைச் சேத்து வெட்டினாலும் வலி தெரியாது. இப்ப நீங்க வாங்கற சினிமாப் பத்திரிகை அட்டையில, கறுப்பு வெள்ளையில டைரக்டர் கன்னத்துல கை வெச்சுகினு சன்னலைப் பாக்கறாரு. என்ன கஷ்டமோ பாவம், வட்டி கட்டலியோ என்னமோ.

நீ லேப்டாப்புல பாக்கறது வேற, செவுத்துல வர்றது வேற. ஓசூர் பஸ் ஸ்டாண்டு சுத்தி ஒரு தடவை நடந்து பாரு. ஒரு பக்கம் கண்ணீர் அஞ்சலி, ஒரு பக்கம் எருது விடும் விழா, நடுவுல ‘ஐடிஐ படித்த ஆட்கள் தேவை’. தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணும் பொழங்கற ஊரு. இப்ப சிப்காட்டுக்கு ஒடிசா, பீகார் பசங்களும் வந்துட்டாங்க. எந்த எழுத்தைப் போட்டாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. முகத்தை மட்டும்தான் அத்தினி பேரும் படிப்பான். செத்தவன் செவுத்துலருந்து நேராப் பாக்கறான். காளைகூட மூஞ்சியைக் காட்டிகினுதான் நிக்குது. உன் கதாநாயகன் ஒருத்தன்தான் கடன்காரனைக் கண்டவன் கணக்காத் திரும்பிகினு நிக்கறான்.

முகம் வெக்கறதா இருந்தா ஒண்ணு பாத்துக்கோ. பெரிய போஸ்டர்னா நாலு தாளு, ஆறு தாளு. ராத்திரியில மைதாப் பசையை இழுத்து அவசர அவசரமா ஒட்டுவான். தாளும் தாளும் சேர்ற எடம் ரெண்டு விரக்கடை தள்ளிப் போயிடும். அங்க மூக்கு இருந்தா, மூக்கு சூளகிரி பாத்தும் வாய் பாகலூர் பாத்தும் போகும். கண்ணு ரெண்டும் ஒரே தாளுல விழறாப்புல வை. பசையில மயில்துத்தம் கலந்தாங்களான்னும் கேட்டுக்கோ. அது கம்மியானா விடியறதுக்குள்ள மாடு வந்துடும். உன் இலைங்களை ருசிச்சுப் பாத்த மொத ரசிகன் அதுவாத்தான் இருக்கும்.

கீழ ஒரு சாண் வெத்து எடம் விடுன்னா விட மாட்டேங்கறே, அங்கயும் இலை வெச்சுட்டே. தியேட்டர் பேரு, காட்சி நேரம் போட்ட துண்டுத் தாளை ஒட்டறவன் எங்க ஒட்டுவான்? வெளிச்சமா இருக்கற எடம் பாத்துத்தான் ஒட்டுவான். உன் வானத்து மேல ‘தினசரி ஒரே காட்சி, காலை 11 மணி’ன்னு சிவப்பு எழுத்துல வரும். அவன்கிட்ட சண்டைக்குப் போகாதே. அந்தப் போஸ்டர்ல நான் கண்ணாடி போடாமப் படிக்கப்போற ஒரே வரி அதுதான்.