வெயிலுக்கு வாய்தா

பூமிக்குப் போர்வை இருக்கிறது என்று முதலில் சொன்னவர், தானே எந்நேரமும் போர்த்திக்கொண்டு திரிந்தவர். பெயர் ஜோசப் ஃபூரியே. நெப்போலியனோடு எகிப்துக்குப் போய் வந்ததிலிருந்து மனிதருக்குப் பிரான்ஸின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அறையை அடுப்படி மாதிரி சூடாக வைத்துக்கொண்டு, மேலே கனத்த உடுப்பையும் மாட்டிக்கொண்டு கணக்குப் போடுவார். பார்க்க வந்தவர்கள் பாடு என்னவாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1824-ல் அவர் கேட்டது இதுதான்: சூரியன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே, பூமி ஏன் உறைந்து போகவில்லை? காற்றுதான் வருகிற வெயிலை உள்ளே விட்டுவிட்டு, திரும்புகிற சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றார். சபை ‘பேஷ்’ என்றது. வீட்டுக்குப் போய் அடுப்பில் இன்னும் இரண்டு கட்டி நிலக்கரி போட்டது.

கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு வாய்தா என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வாதி வந்திருப்பார், சாட்சி வந்திருப்பார், வக்கீலுக்கு மட்டும் அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி. வெயில் கூடுவதைப் பற்றி மனிதர்கள் பட்ட கவலையின் 200 வருடக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். சாட்சி ஒரு முறைகூடத் தவறவில்லை. வாய்தாவும்தான்.

இரண்டாவது சாட்சி, அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட். 1848-ல் செனகா ஃபால்ஸில் பெண்ணுரிமைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். அவரிடம் இருந்த சாமான் கொஞ்சம்தான்: இரண்டு கண்ணாடிக் குழாய், நாலு தெர்மாமீட்டர், காற்றை உறிஞ்ச ஒரு பம்ப். குழாயில் ஒவ்வொரு வாயுவாக அடைத்து, வடாம் காயவைக்கிற மாதிரி வெயிலில் வைத்தார். சாதாரணக் காற்று 106 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நின்றது. கரியமில வாயு 125-க்கு ஏறியது. வெயிலிலிருந்து எடுத்த பிறகும் அந்தக் குழாய் ஆறுவேனா என்றது. இந்த வாயு காற்றில் கூடினால் பூமி சூடாகும் என்று எழுதினார்.

1856 ஆகஸ்டில் ஆல்பனி நகரில் விஞ்ஞானிகள் மாநாடு. ஃபூட் அம்மாளின் கட்டுரையை வாசித்தவர் ஜோசப் ஹென்றி என்ற பெரியவர். விஞ்ஞானத்துக்கு நாடும் கிடையாது, ஆண் பெண் பேதமும் கிடையாது என்று முன்னுரை வேறு சொன்னார். பேதமே இல்லாத அந்த மேடையில் அம்மாள் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மூன்றே வருடத்தில் லண்டனில் ஜான் டிண்டால் இதே விஷயத்தை இன்னும் நுணுக்கமான கருவியோடு நிரூபித்துப் பெயர் வாங்கிக்கொண்டார். ஃபூட் பெயர் ஒன்றரை நூற்றாண்டு புதைந்து கிடந்தது. 2011-ல் அதைத் தோண்டி எடுத்தவர் யார் தெரியுமா? ஓய்வுபெற்ற ஒரு பெட்ரோலிய நிலவியலாளர். ஆயுள் முழுக்கத் தோண்டியதற்கு இதுவாவது மிஞ்சியது.

அடுத்து ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ். வெளியே ஸ்டாக்ஹோம் குளிர், வீட்டுக்குள் மனைவியோடு முறிவு. இந்த நிலையில் வேறு ஆளாக இருந்தால் குடித்திருப்பார் அல்லது கவிதை எழுதியிருப்பார். இவர் 1894 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பென்சிலை எடுத்து உட்கார்ந்தார். ஏறத்தாழ ஒரு வருடம், பல்லாயிரம் கணக்கு. காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமியின் சூடு 5, 6 டிகிரி கூடும் என்று 1896-ல் விடை எழுதினார். இன்றைய கணினிகள் சொல்வதைவிடச் சற்று அதிகம். அந்த வருடத்தையும் பென்சிலையும் நினைத்தால் மன்னித்துவிடலாம். அவர் கவலைப்பட்டாரா என்றால், கிடையாது. ஊட்டியில் ஜனவரி மாதம் கம்பளிக்குள் நடுங்குகிறவனிடம் போய், ‘உன் ஊர் கொஞ்சம் சூடாகப் போகிறது’ என்றால் அவன் அழுவானா? வருங்காலத்து மக்கள் இதமாக இருப்பார்கள் என்று சந்தோஷப்பட்டார் அர்ரேனியஸ்.

1938-ல் கை காலண்டர் என்ற இங்கிலாந்து நீராவி எஞ்சினியர், உலகெங்குமுள்ள 147 வானிலை நிலையங்களின் குறிப்புகளைச் சொந்த நேரத்தில் கூட்டிக் கழித்து, சூடு ஏற்கெனவே கூடிக்கொண்டிருக்கிறது என்றார். சமையல்காரர் சங்கத்தில் சாப்பாட்டு ராமன் எழுந்து பேசினால் எப்படிக் கேட்பார்களோ, ராயல் வானிலைச் சங்கத்தார் அப்படிக் கேட்டார்கள். காலண்டரும் நல்லதுதான் என்றார்: பனியுகம் திரும்பாதாம். ஆக, முதல் நூறு வருடத்தில் இந்த வழக்கில் வாதிக்கே புகார் இல்லை.

1958-ல்தான் மீட்டர் மாட்டினார்கள். ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலையின் சரிவில் சார்லஸ் கீலிங் ஒரு கருவியை வைத்து, காற்றில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு கரியமில வாயு என்று எண்ண ஆரம்பித்தார். முதல் கணக்கு 313. இதைச் சென்னை ஆட்டோ மீட்டர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் நின்றாலும் ஓடும். நான் நடுநடுவே எட்டிப் பார்த்துச் சொல்கிறேன். 1964-ல் பணம் இல்லை என்று சில மாதம் கருவியையே நிறுத்தி வைத்தார்கள். கருவி நின்றது, கணக்கு நிற்கவில்லை.

மீட்டர் 320. 1965-ல் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் விஞ்ஞான ஆலோசகர்கள் அறிக்கை கொடுத்தார்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் சூடு கூடும், பனி உருகும், கடல் ஏறும் என்று எல்லாம் சரியாக எழுதியிருந்தார்கள். பரிகாரம்? கடல்மேல் வெயிலைத் திருப்பியடிக்கிற துகள்களைத் தூவலாம், வருடத்துக்கு 50 கோடி டாலர் ஆகும். எரிப்பதைக் குறைக்கலாமே என்ற யோசனை மட்டும் அதில் வரவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் லட்டைக் கீழே வைக்காமல் டாக்டரிடம் மாத்திரை கேட்கிற கதை.

மீட்டர் 337. 1979 ஜூன் 20 அன்று ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சூரியத் தகடுகளைப் பொருத்தினார், வெந்நீர் போட. இவை பிற்காலத்தில் ஒரு பெரிய பயணத்தின் தொடக்கமாகவும் ஆகலாம், அருங்காட்சியகப் பொருளாகவும் ஆகலாம் என்று அன்றைக்கே பேசினார். அரசியல்வாதி சொன்னது இவ்வளவு கறாராகப் பலித்ததை நான் பார்த்ததில்லை. 1986-ல் ரீகன் ஆட்சியில் கூரை வேலை என்று கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. கிடங்கில் தூங்கியவற்றில் சில மெய்ன் மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெந்நீர் போடப் போயின. ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். இன்னொன்று சீனாவில், சூரியசக்தி நிறுவனம் ஒன்றின் காட்சிக்கூடத்தில். இன்று உலகத்தின் சூரியத் தகடு உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில். ஓட்டை உடைசலைப் போட்டால் பேரீச்சம்பழம் வாங்கிக்கொள்கிற நாம் அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்கலாம். அவர்கள் அதுகூட வாங்கவில்லை.

இனி 1988-க்கு வருவோம். மீட்டர் 352. ஜூன் 23, வாஷிங்டனில் 98 டிகிரி ஃபாரன்ஹீட். செனட் குழுவின் முன்னால் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் நெற்றி வியர்வையோடு உட்கார்ந்து, சூடு கூடுவது 99 சதவீதம் நிச்சயம் என்றார். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கம். அன்றைக்குத்தான் கவலை என்பது அரசியல் கவலையானது. விசாரணையை ஏற்பாடு செய்த செனட்டர் டிம் வர்த் பின்னாளில் ஒரு கதை சொன்னார்: முந்தின ராத்திரி ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு ஏசி வேலை செய்யாதபடி பார்த்துக்கொண்டோம் என்று. ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. பிறகு தோண்டித் துருவிக் கேட்டபோது, அது சரியல்ல என்று அவரே ஒத்துக்கொண்டார். பொல்லாத வியர்வை, அதற்கும் சாட்சி கேட்கிறார்கள். (நானும் ஏசியை 24-ல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கரண்டு போயிருந்தால் கட்டுரை இன்னும் காரமாக வந்திருக்கும்.)

அந்த செப்டம்பரில் மார்கரெட் தாட்சர் லண்டன் ராயல் சொசைட்டி விருந்தில் இதே விஷயத்தைப் பேசினார். அம்மையார் வேதியியல் படித்தவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களோடு மல்லுக்கட்டி முடித்தவரும்கூட. பெரிய பேச்சு, டிவிக்காரர்கள் கேமராவோடு வருவார்கள், அந்த விளக்கு வெளிச்சத்தில் படித்துவிடலாம் என்று நம்பினார். ஒருவரும் வரவில்லை. மண்டபம் இருட்டு. மேசை வழியாகக் கைமாற்றிக் கைமாற்றி மெழுகுவத்தி வந்து சேர, அதன் வெளிச்சத்தில் வாசித்தார். கார்பன் விஷயத்தில் அவ்வளவு சிக்கனமான மாநாடு அதற்குப் பிறகு நடந்ததாகத் தெரியவில்லை.

1992-ல் ரியோவில் பருவநிலை ஒப்பந்தம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எவ்வளவு குறைப்பது என்ற கட்டாயம் மட்டும் காகிதத்தில் இல்லை. 1997-ல் கியோட்டோ ஒப்பந்தம். இதை நம் பாஷையில் சொல்கிறேன். ஜூலையிலேயே வீட்டுப் பெரியவர்களான அமெரிக்க செனட், இப்படிப்பட்ட சம்பந்தம் வேண்டாம் என்று 95-க்குப் பூஜ்யம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. டிசம்பரில் பையன், அதாவது அமெரிக்க அரசு, பெண் பார்க்கப் போனான், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டான். மறு வருடம் தட்டும் மாற்றினான். முகூர்த்தப் பத்திரிகை செனட்டுக்குப் போகவே இல்லை.

2009 கொஞ்சம் கலகலப்பான வருடம். அக்டோபரில் மாலத்தீவு ஜனாதிபதி நஷீத் தன் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டினார். முதுகில் காற்று உருளை, கையில் நீரில் அழியாத பென்சில், சுற்றிலும் மீன். யாரும் வாயைத் திறக்க முடியாததால் கூட்டம் அரைமணியில் முடிந்தது. இதைப் பார்த்து டிசம்பரில் நேபாள அமைச்சரவை எவரெஸ்ட் பக்கம் போய், மூக்கில் ஆக்சிஜனோடு கூடியது. அதே மாதம் கோபன்ஹேகனில் ஐ.நா. பருவநிலை மாநாடு. 15,000 பேர் கொள்ளுகிற மண்டபத்துக்கு 40,000-க்கும் மேலே பதிவு. முதல் பந்திக்கே இடமில்லாமல் ஜனங்கள் குளிரில் வரிசை கட்டி நின்றார்கள். கடைசி நாள், ஒபாமா சீனப் பிரதமரைத் தேடிப் போகிறார். மன்மோகன் சிங் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார் என்று தகவல். கதவைத் திறந்தால் உள்ளே வென் ஜியாபாவ், மன்மோகன் சிங், பிரேசிலின் லூலா, தென்னாப்பிரிக்காவின் ஜூமா நாலு பேரும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்கள்! நாற்காலி இழுத்துப் போட்டு இவரும் உட்கார்ந்தார். பிறந்த காகிதத்தை மாநாடு ‘ஏற்கவில்லை’, ‘குறித்துக்கொண்டது’. மீட்டரும் குறித்துக்கொண்டது: 387.

2014 ஆசிரியர் தினத்தன்று பிரதமர் மோடி மாணவர்களிடம், மாறியது பருவநிலை இல்லை, நாம்தான் என்றார். வயதானவர்களுக்குக் குளிர் தாங்கும் சக்தி குறைவதால் இந்த வருடம் குளிர் அதிகம் என்கிறார்கள் என்கிற மாதிரி விளக்கினார். மறு வருடமே பாரிஸில் சர்வதேசச் சூரியசக்திக் கூட்டணியைத் தொடங்கி வைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வெயில் கூடிவிடும். 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் பிளாஸ்டிக் பையில் பனி உருண்டை கொண்டுவந்து, வெளியே இவ்வளவு குளிர், சூடு எங்கே என்று கேட்டு அதைச் சபையில் எறிந்தார். நான் இப்போதுதான் சாப்பிட்டேன், உலகத்தில் பசி எங்கே என்று கேட்பது போல. அப்போது அவர் செனட்டின் சுற்றுச்சூழல் குழுத் தலைவர்.

அதற்குப் பிறகு சண்டை முழுக்க வார்த்தைக்கு வந்துவிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்தின் கடைசி நகலில் பணக்கார நாடுகள் ‘செய்தாக வேண்டும்’ என்ற பொருளில் ‘ஷல்’ என்று இருந்தது. ‘செய்வது நல்லது’ என்ற ‘ஷுட்’ இருந்தால்தான் செனட் பக்கம் போகாமல் தப்பிக்கலாம் என்று அமெரிக்கா பதறியது. அச்சுப்பிழை என்று திருத்தி, சுத்தியலைத் தட்டினார்கள். 2021-ல் கிளாஸ்கோவில் நிலக்கரியை ‘ஒழிப்போம்’ என்றிருந்ததை, கடைசி நிமிடத்தில் சீனாவும் இந்தியாவும் சேர்ந்து ‘குறைப்போம்’ என்று மாற்றின. தலைமை தாங்கிய அலோக் சர்மா, ஆக்ராவில் பிறந்தவர், மேடையிலேயே குரல் கம்மிக் கண் கலங்கினார். மீட்டர் 416.

அந்தக் காலத்து மாமி கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டாள். ‘அவர்’, ‘இவங்க அப்பா’ என்றே குடும்பம் நடத்திவிடுவாள். மாநாட்டுத் தீர்மானங்களும் அப்படித்தான். புகையைப் பற்றிப் பேசும், எரிகிறது எது என்று சொல்லாது. 28-வது மாநாட்டில்தான், 2023-ல், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றையும் சேர்த்து ‘புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்லுதல்’ என்று பெயர் சொன்னார்கள். சொல்லவைத்த இடம் துபாய். தலைவர் சுல்தான் அல் ஜாபர், அபுதாபியின் அரசு எண்ணெய் நிறுவனத்துக்கும் அவரே தலைவர்.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம். நடுவில் மண்டபத்திலேயே தீப்பிடித்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். திரும்பி வந்து எழுதிய தீர்மானத்தில் அந்த எரிபொருள்களின் பெயர் மறுபடி காணோம். அதே வருடம் அமெரிக்க அரசின் வரவுசெலவுத் திட்ட முன்மொழிவு, மௌனா லோவா கருவிக்கான பணத்தையே நிறுத்தச் சொன்னது. 2024-ன் சராசரி 424.6.

அடுத்த மாநாட்டை நடத்த துருக்கியும் ஆஸ்திரேலியாவும் முட்டிக்கொண்டன. மண்டபம் துருக்கியுடையது, பேச்சுவார்த்தைக்குத் தலைமை ஆஸ்திரேலியா என்று பெலேமில் பஞ்சாயத்து முடிந்தது. வாய்தா, அந்தால்யா நகரத்தில், 2026 நவம்பர்.