துப்பாக்கிக்கு ஒரு அங்குல எழுத்து

பிளேனோ, டெக்சஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் சித்தி பிடுங்கி மழை நிலவரம் பேசிவிட்டார். அதனால் எழுத்தில் சொல்கிறேன். ஆமாம், இங்கே இடுப்பில் துப்பாக்கியோடு கடைக்கு வருகிறார்கள். இல்லை, நான் வாங்கவில்லை.

வாங்க முடியாது என்பதுதான் சரி. என் மாதிரி எச்1பி விசாக்காரன் துப்பாக்கியைக் கையால் தொடக்கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். அடடா, என்ன கறார் என்று மெச்சிவிடாதீர்கள். அதே ஆள் வேட்டை லைசென்ஸ் எடுத்துவிட்டால் தடை இல்லை என்பதும் அதே சட்டம்தான். வேட்டை லைசென்ஸை சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறார்கள். கரப்பான் பூச்சி வந்தால் உங்கள் மருமகளைக் கூப்பிடுகிறவன் நான், எந்த மானைச் சுடப்போகிறேன்?

மற்றவர்களுக்கு அந்தத் தொல்லைகூட இல்லை. 21 வயது நிறைந்து, வேறு தடை எதுவும் இல்லையென்றால், 2021 செப்டம்பர் 1 முதல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்க லைசென்ஸே வேண்டாம். வெளியே தெரிந்தால் உறையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஜெய்சங்கரின் கௌபாய் படங்களைப் பார்த்து நாம் நினைத்ததெல்லாம் பொய், சித்தப்பா. நிஜ டெக்சஸில் 1871-லேயே வெளியிடங்களில் கைத்துப்பாக்கி எடுத்துப்போகத் தடை போட்டுவிட்டார்கள். லைசென்ஸ் வாங்கி மறைத்து வைத்துக்கொள்ள 1996-இல்தான் அனுமதி. பிறர் பார்க்க மாட்டிக்கொள்வது 2016-இல்.

தேவையில்லாத அந்த லைசென்ஸை இன்னமும் 40 டாலர் கட்டி, வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, 50 ரவுண்டு சுட்டுக்காட்டி வாங்குகிறார்கள். பக்கத்து ஒக்லஹோமாவில் அது செல்லும், சிகாகோவில் செல்லாது. ஆனால் ஆஸ்டினில் சட்டசபைக் கட்டடத்துக்குப் போனால் அதன் மவுசு தெரியும். வெறுங்கையோடு வருகிறவன் மெட்டல் டிடெக்டர் வரிசையில் நிற்கவேண்டும், துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவருக்குத் தனி வழி. திருப்பதியில் முந்நூறு ரூபாய் டிக்கெட் மாதிரி.

இப்போது துப்பாக்கி வேண்டாம் என்று கதவில் ஒட்டும் போர்டு விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் இங்கே ஒரு தோசைக்கடை திறந்தார். துப்பாக்கியோடு யாரும் உள்ளே வரவேண்டாம் என்று ஆசைப்பட்டு, துப்பாக்கி மேல் சிவப்புக் கோடு போட்ட படம் ஒன்றைக் கதவில் ஒட்டினார். லைசென்ஸ்காரருக்கு அந்தப் படம் செல்லாது. தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவுப்படி, மறைத்து வைத்திருப்பவரைத் தடுக்க ஒரு போர்டு. 30.07 பிரிவுப்படி, தெரிய மாட்டியிருப்பவரைத் தடுக்க இன்னொன்று. லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05, மூன்றாவது போர்டு. சட்டத்தில் இருக்கும் வாசகத்தை அப்படியே (30.05-க்கு மட்டும் ஏறக்குறைய அப்படியே) போடவேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறையக்கூடாது. பின்புலத்தோடு நிறம் ஒட்டாமல் பளிச்சென்று தெரியவேண்டும். 30.05, 30.07 இரண்டும் ஒவ்வொரு வாசலிலும்.

மூன்று பிரிவு, இரண்டு மொழி, அங்குல எழுத்து. கண்ணாடிக் கதவு முழுக்கப் போர்டு. உள்ளே கடை திறந்திருக்கிறதா என்று தெரியாது. பிரிண்டாகி வந்ததை என் பெண்ணின் ஸ்கேலை வைத்து அளந்தேன். அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினோம். திறப்பு விழாவன்று சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்துவிட்டு, "இதிலே மினி டிபன் எங்கே இருக்கு?" என்று கேட்டார். மெனுவை ஒட்டக் கதவில் இடமே இல்லை.

பார்களுக்கு வேறு கணக்கு. வருமானத்தில் 51 சதவீதமாவது அங்கேயே குடிக்கும் சரக்கிலிருந்து வந்தால் சிவப்பில் பெரிதாக 51% என்ற போர்டு. அங்கே துப்பாக்கி கூடாது. வறுவல் அதிகம் விற்று சரக்கு வருமானம் பாதிக்குக் கீழே போனால் அந்தத் தடை கிடையாது. துப்பாக்கி உள்ளே வரலாமா என்பதை இங்கே ஆடிட்டர் முடிவு செய்கிறார்!

இந்தச் சட்டமெல்லாம் தெரிந்தவன் என்று எனக்கு இங்கே ஒரு பெயர் வந்துவிட்டது. தற்பெருமை இல்லை, தமிழ்ச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு பள்ளி அரங்கத்தில் பொங்கல் விழா. கரும்பு வெட்ட ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாளோடு கிளம்பினார். நான்தான் தடுத்தேன். ஐந்தரை அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி பள்ளிக் கட்டடத்துக்குள் குற்றம். தெருவில்? 2017-லிருந்து பெரியவர்கள் வாளே கொண்டுபோகலாம். ஆகவே அரிவாள் கார் நிறுத்துமிடத்தில் இருந்தது, கரும்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அங்கே போனோம். குளிரில் கோட்டு போட்டுக்கொண்டு கரும்பு வெட்டினவர்களை ஒரு போலீஸ்காரர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார். இடுப்பில் துப்பாக்கியோடு போகிறவரை யாரும் அப்படிப் பார்க்கிறதில்லை.

ஆபீசிலும் அதே கதை. ஊழியர் தன் காரில் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியை முதலாளி தடுக்க முடியாது, 2011 சட்டம். மைக்ரோவேவில் மீன் குழம்பு சுடவைக்கத் தடை உண்டு. நீங்கள் உங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவதை அங்கே ஒருநாள் சொன்னேன். கூட வேலை பார்ப்பவர் முகம் வெளுத்து, "திருப்பிக் கொடுப்பார்களா?" என்றார். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பார்கள் என்று சொல்லி வைத்தேன்.

இதெல்லாம் சிரிக்கத்தான். சிரிப்பு வராத ஒன்றும் இருக்கிறது. பாப்பா இரண்டாம் வகுப்பு. பள்ளியில் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, ஜன்னலில் தெரியாத மூலையில் பேசாமல் உட்காரப் பயிற்சி கொடுக்கிறார்கள். தீயணைப்புப் பயிற்சி போல இதுவும் சட்டப்படி நடக்கிறது. "நான்தான்ப்பா இருமவே இல்ல" என்று வந்து பெருமையாகச் சொன்னாள். அன்று ராத்திரி நானும் பாப்பாவும்தான் சாப்பிட்டோம், உங்கள் மருமகள் சாப்பிடவில்லை. கதவுக்கு அத்தனை போர்டு எழுதத் தெரிந்த சட்டசபைக்கு இந்தக் குழந்தைகள் விஷயத்தில் அந்த அக்கறை போதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பாட்டிக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது மீன் குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாப்பாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் நன்றாகப் படிக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமார்